முன்னேற்ற நூல்கள்: தனக்குச் சொல்லிக்கொள்வதும் பிறருக்குச் சொல்வதும்

கேள்வி (2025 ஜனவரி 4)

அதிகாலையில் எழு, இலக்கை எழுதி வை, நல்லதையே நினை, விடாமல் முயற்சி செய். நூறு ஆண்டுகளாக எல்லா சுயமுன்னேற்ற நூல்களும் இதையேதான் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. இவற்றால் உண்மையிலேயே யாராவது முன்னேறியிருக்கிறார்களா? இல்லையென்றால் ஏன் இன்னும் விற்கின்றன? என் தம்பி பட்டம் முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கிறான். பாடப் புத்தகத்தைவிட இந்தப் புத்தகங்களைத்தான் அதிகம் படிக்கிறான். வேலை கிடைத்தபாடில்லை. அவற்றைத் தூக்கிப் போடச் சொல்லலாமா?

ஜனவரி 5, காலை

தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். நான் இந்த நூல்களின் பக்கம் நிற்பவன். கோவில்பட்டியில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மாலை நேரத்தில் கணக்கும் திறனறிவும் சொல்லித் தருகிறேன். தையல் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. பட்டம் வாங்கி வேலை இல்லாமல் இருப்பவரின் நாள் எப்படிக் கரைகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அவரை எதிர்பார்த்து யாரும் காத்திருப்பதில்லை. ரேஷன் கடைக்குப் போக வேண்டுமா, மின்கட்டணம் கட்ட வேண்டுமா, அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் வீட்டில் "சும்மா இருக்கிற" அந்த ஆள்தான். பொழுது சாயும்போது புத்தகம் திறக்கப்படாமலே கிடக்கும்.

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி தன் நோட்டை என்னிடம் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் மூன்று பத்திகள்: நினைத்தது, செய்தது, மிச்சம். மிச்சப் பத்தியில் இருப்பது மறுநாள் பக்கத்தில் முதல் வரியாக ஏறிவிடும். "வட்டிக் கணக்கு" என்ற வரி பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் செய்தது பத்திக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த ஒரு முன்னேற்ற நூலிலிருந்து இந்த முறையைப் பிடித்ததாகச் சொன்னார்.

18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்று என்று கவனித்து, தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. தன்னை மிகவும் படுத்தியது ஒழுங்கு என்ற குணம்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த நூல்கள் ஏன் இன்னும் விற்கின்றன என்று கேட்டீர்கள். நாளுக்கு ஒரு கரை கட்டிக்கொடுக்கின்றன, அதனால்தான். அந்தக் கரை எவ்வளவு பெரிய உதவி என்பது வேலை இல்லாமல் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்குத் தெரியும்.

ஜனவரி 5, இரவு

காலையில் சொன்னது பாதிதான். மீதிப் பாதி கணக்கு.

2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பின்னர் இடங்களைக் கூட்டினார்கள் என்பது உண்மை. ஆனாலும் விகிதம் பெரிதாக மாறிவிடவில்லை. இப்போது இந்த 20 லட்சம் பேரும் காலை நான்கு மணிக்கு எழுந்து, இலக்கை எழுதிவைத்து, நல்லதையே நினைத்துப் படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடமாவது கூடுமா? தேர்ச்சி மதிப்பெண்தான் மேலே ஏறும். ஒருவர் எழுந்தால் அவருக்கு லாபம். எல்லோரும் எழுந்தால் எல்லோருக்கும் தூக்கம் போனதுதான் மிச்சம்.

எந்த முன்னேற்ற நூலும் இந்தக் கணக்கைப் போட்டு நான் பார்த்ததில்லை. வரிசையில் முன்னே போவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பதில்லை.

ஜனவரி 6

"அப்படியானால் மாணவர்களுக்கு ஏன் இவற்றைப் பரிந்துரைக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பரிந்துரைப்பதில்லை. படிக்கிறவரைத் தடுப்பதுமில்லை. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதை நாளை விரிவாக எழுதுகிறேன், அதற்கு வ.உ.சி.யைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

ஜனவரி 7

வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழன் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் பள்ளியில் படித்திருப்போம். தமிழில் முன்னேற்ற நூல் மரபைத் தொடங்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைப் பாடப் புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் வெளியிட்ட சிறு நூலை வ.உ.சி. "மனம்போல வாழ்வு" என்று தமிழாக்கினார். அது வெளிவந்த ஆண்டு 1909. அப்போது அவர் சிறையில் இருந்தார். பின்னர் "அகமே புறம்", "வலிமைக்கு மார்க்கம்", "சாந்திக்கு மார்க்கம்" என்று அதே ஆலனின் மற்ற நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

ஆலன் சொல்வது எளிது. மனிதனின் எண்ணமே அவன் வாழ்க்கையை ஆக்குகிறது. சூழ்நிலை ஒருவனை உருவாக்குவதில்லை, அவன் யார் என்பதை அவனுக்கே காட்டித் தருகிறது. ஆலன் சொகுசில் உட்கார்ந்து இதை எழுதவில்லை. பிழைப்புத் தேடி அமெரிக்கா போன அவர் தந்தை அங்கே இறந்துபோனார். 15 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர் ஆலன்.

இந்த வரிகளைத் தமிழில் எழுதிய கையை நினைத்துப் பாருங்கள். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி இன்னும் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொள்கிறோம், கையில் ஒரு குடையும் தருகிறோம் என்ற அளவுக்குப் பிரிட்டிஷ் கம்பெனி இறங்கியது. அரசாங்கம் யார் பக்கம் நின்றது என்று சொல்லத் தேவையில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கம்பெனி 1911இல் கலைந்தது. காலியா எந்தக் கம்பெனியோடு போட்டியிட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

இதில் எந்த இடத்தில் அவர் எண்ணம் பலவீனமாக இருந்தது? எந்த இலக்கை அவர் எழுதிவைக்க மறந்தார்? சுயமுன்னேற்ற நூல் கேட்கும் குணங்கள் அத்தனையும் அந்த மனிதரிடம் இருந்தன. கம்பெனி கவிழ்க்கப்பட்டது.

ஜனவரி 8

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் அந்த நூல் பொய் என்றுதானே ஆகிறது, ஏன் அதை மொழிபெயர்த்தார்?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இரவு வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிறைக்குள் இருப்பவனுக்குக் கட்டணமும் கப்பலும் நீதிபதியும் கைக்கு எட்டாதவை. மனம் ஒன்றுதான் எட்டுகிறது. அந்த நேரத்தில் "உன் மனம் உன் வசம்" என்ற சொல் அவருக்கு வேண்டியிருந்தது என்பது என் வாசிப்பு. அதை அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். தமிழ் வாசகர்களிடமும் பகிர்ந்துகொண்டார். அந்தப் பொருளில் நூல் பொய்யில்லை.

ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள். கைதாவதற்குச் சில நாள் முன்பு, 1908 பிப்ரவரி இறுதியில், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர்களில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் இருந்தார்கள். கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை, வேலை நேரக் குறைப்பு என்று கேட்டார்கள், நிர்வாகம் இறங்கி வந்தது. அங்கே கூடியிருந்த தொழிலாளியிடம் "உன் எண்ணத்தை உயர்த்திக்கொள், கூலி தானாக உயரும்" என்று அவர் சொல்லவில்லை. மில் முதலாளியிடம் போய்க் கூலியைக் கேட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். ஆலனின் வாக்கியத்தை ஒருவன் தனக்குச் சொல்லிக்கொண்டால் அவன் நிமிர்கிறான். அதே வாக்கியத்தை மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் சொன்னால் அது குற்றச்சாட்டு. "உன் நிலைமைக்கு உன் மனம்தான் காரணம்" என்று பொருளாகிவிடுகிறது. எழுத்து ஒன்றே, சொல்லும் வாய் வேறு. உங்கள் தம்பி படிப்பதில் எனக்குக் கவலை இல்லை. வீட்டில் யாராவது அதை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுகிறார்களா என்பதுதான் என் கவலை.

ஜனவரி 8, இரவு

விட்டுப்போன ஒன்று. 1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது, அதாவது வழக்கறிஞர் உரிமம், பறிபோயிருந்தது. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்தும் வறுமை தீரவில்லை. சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியில் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பிறகு எங்கள் கோவில்பட்டியில்தான் வழக்கறிஞராக இருந்தார். மனவலிமையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் பிழைப்புக்கு வழி திறந்தது அதிகாரத்தில் இருந்த ஒருவரின் கையெழுத்து.

ஜனவரி 11

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கதையை எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

"செல்ஃப் ஹெல்ப்" என்ற பெயரையே பிரபலமாக்கியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ். அவர் நூல் வெளிவந்தது 1859இல். டார்வினின் பரிணாம நூலும் அதே ஆண்டுதான். பதிப்பாளரும் ஒருவரே, ஜான் மர்ரே. முதல் ஆண்டிலேயே 20,000 பிரதிகள் போயின. நகமுரா மசனாவோ 1871இல் ஜப்பானிய மொழியில் பெயர்த்தபோது மெய்ஜி காலத்து இளைஞர் கூட்டமே அதைப் படித்தது.

நூல் எப்படிப் பிறந்தது என்பதை ஸ்மைல்ஸ் முன்னுரையில் சொல்கிறார். லீட்ஸில் எளிய நிலையிலிருந்த இரண்டு மூன்று இளைஞர்கள் குளிர்கால மாலைகளில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்ளக் கூடினார்கள். கூட்டம் பெருகி அறை போதாமல் போனது. கோடையில் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்தார்கள். குளிர் திரும்பியதும் ஊரில் மலிவாகக் கிடைத்த ஒரே பெரிய அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அது காலரா பரவியபோது தற்காலிக ஆஸ்பத்திரியாக இருந்த இடம். அந்தப் பயத்தில் வேறு யாரும் வாடகைக்கு வரவில்லை. இவர்கள் உள்ளே போய் பெஞ்சு போட்டு விளக்கேற்றினார்கள். கொஞ்சம் தெரிந்தவர் அதைவிடக் குறைவாகத் தெரிந்தவருக்கு வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுத்தார். ஏறக்குறைய நூறு பேர் சேர்ந்த பிறகு, "எங்களிடம் வந்து கொஞ்சம் பேசுங்கள்" என்று ஸ்மைல்ஸை அழைத்தார்கள். அந்தப் பேச்சுகள்தான் நூலாயின.

ஒருவன் தனியாகத் தன்னை உயர்த்திக்கொள்வதைப் பற்றிய நூல், நூறு பேர் ஒருவரையொருவர் தூக்கிவிட்ட அறையில் பிறந்திருக்கிறது. பின்னால் வந்த நூல்கள் அறையை விட்டுவிட்டன, தனி ஆளை மட்டும் எடுத்துக்கொண்டன. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

ஜனவரி 12

ஸ்மைல்ஸைப் பற்றி இன்னொன்று. 1866ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவர் இரண்டு விஷயங்களுக்குப் பதில் சொல்கிறார். நூலின் தலைப்பு சுயநலத்தைப் புகழ்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டது அவருக்கு உறுத்தியிருக்கிறது. பிறருக்கு உதவுவதும் தன்னுயர்வில் அடக்கம் என்று விளக்குகிறார். இரண்டாவது, "வெற்றியாளர் வரலாறு மட்டும் ஏன், தோற்றவர் வரலாற்றையும் எழுதக்கூடாதா?" என்ற கேள்வி. எழுதலாம், ஆனால் அது சோர்வூட்டும், படிப்பினையும் பெரிதாக இராது என்கிற தொனியில் அதைத் தள்ளிவிடுகிறார்.

அங்கேதான் என்னால் அவரோடு போக முடியவில்லை. அதிகாலையில் எழுந்து வென்றவரின் கதை நமக்குக் கிடைக்கிறது. அதே நேரத்தில் எழுந்து, அதே அளவு உழைத்து, கிடைக்காமல் போனவரின் கதை அச்சேறுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தானே அதிகாலை எழுந்ததற்கும் வெற்றிக்கும் என்ன தொடர்பு என்று தெரியும்? என் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்களின் புகைப்படம் சுவரில் இருக்கிறது. ஒரு மதிப்பெண்ணில், அரை மதிப்பெண்ணில் விட்டவர்களின் படம் எங்கும் இல்லை. படிப்பில் இந்த இரு கூட்டத்துக்கும் இடையே நான் பெரிய வேறுபாடு கண்டதில்லை.

ஜனவரி 13

முன்னேற்ற நூல் எழுதிய கார்னகியும் எஃகு அதிபர் கார்னகியும் ஒருவர்தானே என்று கேட்டவருக்கு. இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். டேல் கார்னகி 1912இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் இரவு வகுப்பு எடுத்த பேச்சுப் பயிற்சி ஆசிரியர். 1936இல் பிறரோடு பழகுவது பற்றிய அவர் நூல் வந்தது. எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி வேறு, 1919இலேயே காலமானவர். உறவும் இல்லை, டேலின் குடும்பப் பெயர் வேறு எழுத்துகளோடு இருந்தது, அவர் பின்னால் மாற்றிக்கொண்டார். 1937இல் பணக்காரனாவது பற்றி எழுதிப் புகழ்பெற்ற நெப்போலியன் ஹில், எஃகு அதிபரைச் சந்தித்துத்தான் ரகசியத்தைப் பெற்றதாகச் சொன்னார். அந்தச் சந்திப்புக்கு அவர் வாய்ச்சொல் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை.

இருவரில் டேல் கார்னகியை நான் மதிக்கிறேன். எதிரே இருப்பவரின் பெயரை நினைவில் வை, அவர் பேசுவதைக் கேள், வாதத்தில் வெல்லப் பார்க்காதே என்கிறார். செய்து பார்க்கக் கூடியவை. நாளை காலையே பஸ் நடத்துநரிடம் செய்து பார்க்கலாம். ஹில்லிடம் ஆசை மட்டுமே இருக்கிறது. அமெரிக்காவில் பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி ஓய்ந்திராத ஆண்டுகள் அவை. வேலை அரிதாக இருந்தபோதுதான் இந்த இரண்டும் அப்படி விற்றன. உங்கள் முதல் கேள்விக்கு இதிலும் ஒரு பதில் இருக்கிறது.

ஜனவரி 17

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, பொங்கல் விடுமுறையில் இந்தக் கேள்வி பதில்களை முழுதாக ஒருமுறை படித்தேன். தமிழ் நூல்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று இருந்தது.

என் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். அவர் அலமாரியில் அப்துற் றஹீமின் நூல்கள் வரிசையாக இருந்தன. பின்னாளில் எம்.எஸ். உதயமூர்த்தியின் "எண்ணங்கள்" சேர்ந்தது. உதயமூர்த்தி அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பியவர், மக்கள் சக்தி இயக்கம் தொடங்கியவர். 1988இல் வந்த கமல்ஹாசன் படத்தில் நாயகனுக்கே அவர் பெயர்தான். அப்பாவுக்கு அவர் எழுத்து மீது அப்படி ஒரு பிடிப்பு. இரவு சாப்பிட்டபின் திண்ணையில் உட்கார்ந்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து மெல்லக் கோடு போடுவார். அந்தக் கோடுகளை இப்போது பார்த்தால் ஒன்று புரிகிறது: பணம், பதவி பற்றிய வரிகளில் கோடே இல்லை. கோபத்தை அடக்குவது, கடனை அடைப்பது, அவமானத்தை விழுங்காமல் தாண்டிப்போவது பற்றிய வரிகளில்தான் அத்தனையும்.

எங்களுக்கு அவற்றிலிருந்து ஒரு வரிகூடச் சொன்னதில்லை. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியபோதும், "எந்தப் பாடம் புரியவில்லை?" என்றுதான் கேட்டார்.

ஜனவரி 19

கோபத்தில் எழுதுகிறேன்.

என் சித்தப்பா மகன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கிலித் தொடர் விற்பனைத் திட்டத்தில் சேர்ந்தான். சேரும்போதே பொருள் வாங்க வேண்டும், கீழே ஆள் சேர்க்க வேண்டும். மாதக் கூட்டம் கல்யாண மண்டபத்தில். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனான். மேடையில் கோட் அணிந்த ஒருவர், நான் இங்கே பாராட்டிய அதே நூல்களிலிருந்து அதே வரிகளை உரக்கச் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று திருப்பிச் சொன்னது. வாசலில் அந்த நூல்கள் விற்பனைக்கு இருந்தன, வாங்கியே ஆக வேண்டும் என்ற வற்புறுத்தலோடு.

அவன் நகையை அடகு வைத்துப் போட்ட பணம் திரும்பவில்லை. மேலே இருந்தவரிடம் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: "உன் நம்பிக்கை போதவில்லை. சந்தேகத்தோடு செய்தாய், அதனால் வரவில்லை." இதற்கு அவன் என்ன சொல்ல முடியும்? பணம் வந்தால் திட்டத்தின் பெருமை, வராவிட்டால் அவன் மனத்தின் குறை. எந்தப் பக்கம் விழுந்தாலும் திட்டம் தப்பித்துக்கொள்கிறது. பணம் போனதைவிட, தன் மனமே கெட்டது என்று அவன் நம்பிவிட்டது எனக்குத் தாங்கவில்லை. நெடுநாள் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தான்.

8ஆம் தேதி எழுதிய குறிப்பில் "குற்றச்சாட்டு" என்ற சொல்லைப் போட்டபோது இவனைத்தான் நினைத்தேன்.

ஜனவரி 20

வள்ளுவரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள். முயற்சி பற்றி எல்லோரும் மேடையில் சொல்லும் குறள்கள் எனக்கும் பிடிக்கும். அதே ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 618ஆம் குறளை யாரும் சொல்வதில்லை:

பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து
ஆள்வினை இன்மை பழி.

நல்லூழ் வாய்க்காமல் போனால் அது யாருக்கும் பழி இல்லை. அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதுதான் பழி. முயற்சியைக் கேட்கிறார், ஆனால் தோல்வியைக் குற்றமாக்க மறுக்கிறார். நான் இத்தனை நாளாகச் சொல்லத் தவித்தது இரண்டே அடியில் இருக்கிறது. என் சித்தப்பா மகனுக்கு இதை எழுதி அனுப்பினேன்.

ஜனவரி 22

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். தம்பி தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதாகவும், தட்டச்சு எதுவும் முடிக்கவில்லை என்றும் சொல்கிறார்.

புத்தகங்களை அவரிடமே விட்டுவிடுங்கள். அதிலிருந்து எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஆண்டு எந்தெந்தத் தேர்வு, வயது வரம்பு இன்னும் எத்தனை ஆண்டு, கடந்த முறை எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். குரூப் 4இல் தட்டச்சர் பணியிடங்களுக்குத் தட்டச்சுத் தகுதி உள்ளவர்கள் மட்டுமே போட்டியிடுவதால் அங்கே கூட்டம் குறைவு. பக்கத்துத் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் சேரச் சொல்லுங்கள். தேர்வு வரும்வரை தினமும் ஒரு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே வரவும் அது வழி.

இன்னொன்று, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று நடக்கிறது. கட்டணம் இல்லை, புத்தகங்கள் இருக்கும், மாதிரித் தேர்வு வைப்பார்கள். என் பழைய மாணவர்கள் சிலர் அங்கே சேர்ந்து, இப்போது ஒருவருக்கொருவர் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைவாய்ப்புப் பதிவு அட்டை நகலும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு வேலை நாளில் காலையில் போனால் விவரம் சொல்வார்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.